முப்பது கிலோமீட்டருக்கு ஒரு சக்கரம்

சேலத்தில் நடந்த மாநில சைக்கிள் போட்டியில், இருபத்திரண்டாவது கிலோமீட்டரில், வேணியின் பின் சக்கரத்து அச்சு முறிந்தது. 1994 பிப்ரவரி. அவள் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரமாக நடந்து வந்தவளை அமைப்பாளர்களின் ஜீப் ஏற்றிக்கொண்டு வந்து பந்தல் வாசலில் இறக்கிவிட்டது. அவளுடைய அப்பா கைலாசம் முதலில் மகளின் முழங்காலைப் பார்த்தார். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அச்சை உருவி எடுத்தார். முறிந்த இடத்தில் பாதி துருவேறிக் கறுத்திருந்தது, பாதி வெள்ளையாக மின்னியது. பல மாதங்களாகவே உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தவர் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த இரண்டு துண்டுகளையும் கைக்குட்டையில் சுற்றி ஆழ்வார்குறிச்சிக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார்.

கைலாசம் அம்பாசமுத்திரத்தில் பொதுப்பணித்துறை ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவருடைய ஸ்டோரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆயுள் உண்டு. மண்வெட்டிக்கு இத்தனை வருடம், வடக்கயிற்றுக்கு இத்தனை மாதம், பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு இவ்வளவு என்று பட்டியல் இருந்தது. ஆயுள் முடியுமுன் ஒரு சாமான் உடைந்தால் ஸ்டோர் கீப்பர் விளக்கம் எழுத வேண்டும். பார்த்து வாங்கவில்லை என்பதுதான் அந்த விளக்கத்தின் சாரமாக இருக்கும். வந்திறங்கும் சரக்கில் ஒரே குறை இரண்டு உருப்படிகளில் தென்பட்டால் மூன்றாவதைப் பார்க்க வேண்டியதில்லை, மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது அங்கே வழக்கம். கைலாசம் இதுவரை ஒரு விளக்கமும் எழுதியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். ஏழாம் வகுப்பில் வேணிக்கு வாங்கிய மழைக்கோட்டு இன்னும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வாங்கிய முதல் வருடம் அது அவள் கணுக்காலைத் தொட்டது.

வேணிக்கு சிவில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். சிறு வயதில் அப்பாவோடு கடனா அணைக்குப் போனபோது மதகுக் கதவைத் திருகி இறக்குவதைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. கைலாசத்துக்கு அந்த ஆசைக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. இருபத்து மூன்று வயதில் உதவிப் பொறியாளராக வந்து சேரும் பையன்களுக்கு அவர் எழுந்து நின்று சார் என்று சொல்லிவந்தார். மகளுடைய மார்க்கு பொதுப் பட்டியலில் சீட் வாங்கித் தரும் அளவுக்கு வராது என்பது இருவருக்கும் தெரியும். தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணம் கிடையாது. மிச்சமிருந்தது விளையாட்டுப் பிரிவு. மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சான்றிதழ் வேண்டும். சேலத்தில் அது போயிற்று. பிளஸ் டூ முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு போட்டிதான் வரும்.

ஆகவே அந்த ஒரு வருடமும் கைலாசம் உடையாத சக்கரத்தைத் தேடினார்.

டவுன் ரதவீதிகளிலும் ஜங்ஷனிலும் உள்ள சைக்கிள் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினார். மதுரைக்கு ஒரு முறை போய் வந்தார். சக்கரத்தின் நடுவில் அச்சைத் தாங்கும் ஹப்பைக் கழற்றிக் காட்டச் சொல்வார். உள்ளேயிருக்கும் குண்டுகளை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்ப்பார். கோணலாக ஓடும் குண்டு ஒன்று இருந்தாலும் அந்த ஹப் வேண்டாம். கடைக்காரர்கள் சொல்லும் பெயர்களை அவர் நம்பவில்லை. சாமானைப் பற்றி விற்பவனிடம் கேட்கக் கூடாது, பாரம் ஏற்றுகிறவனிடம் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. பத்தமடை பஸ் நிறுத்தத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நின்று, சைக்கிளில் பாய்க்கட்டு கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களை மறித்துக் கேட்டார்.

“என்ன ஹப் போட்டிருக்கிய?”

“யாருக்கு வேணும்?”

“எம் மகளுக்கு.”

கேட்கப்பட்டவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆனால் எல்லோரும் ஒரே ஹப்பைத்தான் சொன்னார்கள். கனமான இரும்பு ஹப், லூதியானாவில் செய்தது, எட்டு வருடமாகக் கழற்றியதே இல்லை என்றார் ஒருவர்.

அந்த ஹப்பை வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு எலியேசரிடம் போனார் கைலாசம். எலியேசர் ரயில்வேக்காகப் பந்தயம் ஓட்டியவர். முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு வேலையை விட்டுவிட்டு, சமாதானபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வேணி ஓட்டும் வண்டியின் பிரேம் அவர் கொடுத்ததுதான். ஹப்பைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, பிள்ள பாயி விக்கப் போறாளா?”

“கேலி பண்ணாதேயும் வே. எட்டு வருஷம் நிக்குன்னு சொல்லுதான்.”

“நிக்கும். நிக்கத்தான் செய்யும். ஓடணும்லா?”

“மொதல்ல நிக்கட்டும்.”

எலியேசர் மேற்கொண்டு வாதாடவில்லை. முலாம் பூசிய இரும்பு ரிம்மில், தடித்த கம்பிகளை வைத்து, அந்த ஹப்பைக் கோத்து, முன் சக்கரத்தையும் அதே மாதிரி செய்து கொடுத்தார். நல்ல வேலை. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ரிம் இம்மியும் ஆடாமல் சுழன்றது. கைலாசம் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நெரித்துப் பார்த்தார். ஒரு கம்பி கூடத் தளரவில்லை. அவர் முகத்தில் அன்று தெரிந்த நிம்மதியை வேணி அதற்கு முன் பார்த்ததில்லை.

“இதுல பழகட்டும்,” என்றார் எலியேசர். “பாரம் இழுத்துப் பழகின காலுக்கு நல்லது. போட்டி அன்னைக்கு நான் ஓட்டின சக்கரத்தத் தாரேன். அலுமினியம். அத மாட்டிக்கிடுவோம்.”

“அது எத்தன வருஷம் வரும்?”

“அண்ணாச்சி, அது முப்பது கிலோமீட்டர் வந்தாப் போதும்.”

கைலாசம் மறுபடியும் இரும்புச் சக்கரத்தின் கம்பிகளை நெரித்துப் பார்த்தார். வேணிதான், “சரி மாமா,” என்றாள்.

வேணி ஒன்பது மாதம் அந்த இரும்புச் சக்கரத்தில் ஓட்டினாள். காலை ஐந்தரைக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து கிளம்பி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் வரை போய்த் திரும்புவாள். முக்கூடலில் வேலை செய்யும் லாரி டிரைவர்கள் இரண்டு பேர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துச் சிரிப்பார்கள். முதலில் அது கேலியாக இருந்தது. ஐப்பசிக்குப் பிறகு வெறும் வணக்கமாக மாறிவிட்டது. அம்மா கோமுவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “வெயில்ல கறுத்துப் போறா. நாளைக்கு எவன் கேப்பான்?” என்பாள். ஆனால் ஐந்து மணிக்கு முட்டையை அவித்து வைப்பவளும் அவள்தான். சைவ வீட்டில் முட்டை அவிப்பதற்கென்று தனியாக ஒரு ஸ்டவ்வும் பாத்திரமும் வாங்கிப் பின்கட்டில் வைத்திருந்தாள். அதை வேறெதற்கும் தொடமாட்டாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை எலியேசர் தன் அலுமினியச் சக்கரங்களை மாட்டி வேணியைத் தூத்துக்குடிச் சாலையில் ஓட்டச் சொல்லி நேரம் பார்த்தார். கைலாசத்துக்கு அன்று வருடாந்தர இருப்புச் சரிபார்ப்பு. வர முடியவில்லை. முப்பது கிலோமீட்டரில், இரும்புச் சக்கரத்தைவிட ஒரு நிமிடமும் சில வினாடிகளும் குறைந்திருந்தன. வேணி அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் பேசிக்கொண்டே இருந்தாள்.

“காலுக்கு அடியில வண்டி இருக்கதே தெரியலப்பா. ஏறி மிதிச்சா அதுபாட்டுக்குப் போவுது.”

“சத்தம் ஏதும் வந்திச்சா?”

“சத்தமே இல்ல.”

“ஆட்டம்?”

“இல்லப்பா.”



மாநிலப் போட்டி அந்த வருடம் பாளையங்கோட்டையிலேயே வந்தது. 1995 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே தூத்துக்குடிச் சாலையில் தொடங்கி, வல்லநாட்டு ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். யார் யாரை முந்தினார்கள் என்பது கணக்கில்லை, நேரம் மட்டும்தான். பெண்கள் பிரிவில் ஒன்பது பேர்.

முதல் நாள் சாயங்காலம் அப்பாவும் மகளும் எலியேசர் கடைக்குப் போனார்கள். அவர் அலுமினியச் சக்கரங்களை மாட்டி, பிரேக் கட்டைகளைச் சரிசெய்து கொடுத்தார். இரும்புச் சக்கரங்களைக் கழற்றிக் கைலாசத்திடம் கொடுத்து, “இது இங்கன கெடக்கட்டும்,” என்றார்.

“இருக்கட்டும், ஸ்டெப்னியா எடுத்துட்டுப் போறேன்.”

“நான் மொத ஆராதன முடிஞ்சு ஏழரைக்கெல்லாம் அங்கன வந்துருவேன். பிள்ளைக்கு ஏழு பத்துக்கு முறை, அவ முடிக்கும்போது நான் இருப்பேன். ஒண்ணும் செய்ய வேண்டாம். காத்த மட்டும் பாத்துக்கிடுங்க.”

எலியேசர் முப்பது வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக்கூடத் தவறவிட்டதில்லை. ரயில்வே அணியில் இருந்தபோது ஞாயிறு காலைப் பந்தயங்களை விட்டுக்கொடுத்தவர். அதனால் யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

அன்று இரவு உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, ஆறரை மணிக்குப் போட்டி நடக்கும் இடத்துக்கு வந்தார்கள். சாலையோரப் புளியமரத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு வேணி கால்களை நீவிக்கொண்டிருந்தாள். வெயில் அப்போதுதான் மேலேறி வந்தது. கைலாசம் குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்தைப் பையச் சுற்றினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ரிம்மை விரற்கடை விரற்கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். காற்றடிக்கும் மூக்குக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்ததும் அவர் கை நின்றது.

ரிம்மின் குறுக்கே ஒரு கோடு இருந்தது. மயிரிழை அளவு. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நேராக ஓடியது. நகத்தை வைத்து இழுத்தார். நகம் தட்டியது.

“வேணி, இங்க வா.”

அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

“விரிசல் விட்டிருக்கு,” என்றார் கைலாசம். குரல் தாழ்ந்திருந்தது.

“எலியேசர் மாமா ஒண்ணும் சொல்லலையே?”

“அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அன்னைக்கு அச்சு முறியப் போவுதுன்னு யாருக்காவது தெரிஞ்சிச்சா?”

வேணி முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். “இதுலயும் இருக்குப்பா. அதே மாதிரி. அதே எடத்துல.”

ஒரே இடத்தில், ஒரே மாதிரி. இன்னொரு மனிதருக்கு அது வேறு எதையாவது சொல்லியிருக்கக்கூடும். கைலாசம் எழுந்து நின்றார்.

“பாத்தியா. ரெண்டும் போயிருச்சு.”

மணி ஆறு ஐம்பது. ஆராதனை நடக்கும் தேவாலயம் இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்த மற்ற வண்டிகளின் சக்கரங்களில் பாதி அலுமினியம்தான், போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் பிறத்தியார் வண்டியைப் போய்த் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் சாக்குப் பையைப் பிரித்து இரும்புச் சக்கரங்களை எடுத்தார்.

“அப்பா, முப்பது கிலோமீட்டர்தானப்பா,” என்றாள் வேணி. “தாங்கிரும்.”

“தாங்கலன்னா? போன வருஷம் இருபத்திரண்டு. இந்த வருஷம் இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல விட்டா? கீழ விழுந்து பல்லு கில்லு போச்சுன்னா?”

அவள் மறுபடியும் அந்தக் கோட்டைப் பார்த்தாள். சேலத்துச் சாலையில் கால்களுக்குக் கீழே வண்டி திடீரென்று சரிந்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஸ்பேனரை எடுத்து அப்பாவிடம் நீட்டியவள் அவள்தான். இருவரும் சேர்ந்து பத்து நிமிடத்தில் மாற்றினார்கள். பிரேக் கட்டையைக் கைலாசமே திருகிச் சரிசெய்தார். வேலை சுத்தமாக இருந்தது.

ஏழு பத்துக்கு வேணி புறப்பட்டாள். போகும்போது எதிர்காற்று. கைலாசம் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அங்கிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் சாலை தெரியாது. ஏழே முக்கால் வாக்கில் ஒரு ஜீப் வந்து, ரிம்மில் பசையால் ஒட்டிய டயர் பஞ்சரான கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தியையும் அவளுடைய மெல்லிய வண்டியையும் இறக்கிவிட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். கைலாசம் அவளுக்காக வருத்தப்பட்டார். அதோடு, தன் நெஞ்சில் எதுவோ இளகுவதையும் உணர்ந்தார். ஜீப்பில் வந்தது வேணி இல்லை.

எட்டு மணி ஒன்றரை நிமிடத்துக்கு அவள் வந்தாள். தலை கவிழ்ந்து, வாய் திறந்து, தோள்கள் பக்கத்துக்குப் பக்கம் ஆட வந்தாள். சக்கரங்கள் இம்மியும் ஆடவில்லை. கோட்டைத் தாண்டியும் வண்டி வெகுதூரம் ஓடிப் போய் நின்றது.

கரும்பலகையில் சாக்கட்டியால் நேரம் எழுதினார்கள். இரண்டாவது இடம் ஐம்பது நிமிடம் நாற்பது வினாடி. மூன்றாவது இடம் ஐம்பத்தொரு நிமிடம் பதினான்கு வினாடி, ஒரு திருச்சிப் பெண். அதற்குக் கீழே வேணி, ஐம்பத்தொன்று, இருபத்து மூன்று.

எலியேசர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவள் புளியமரத்தடியில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் தாமதித்துவிட்டார். அன்று ஆராதனை முடிவில் எல்லோரும் வரிசையில் வந்து அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து இருந்தது. முதலில் பலகையைப் பார்த்தார். பிறகு வண்டியின் சக்கரங்களைப் பார்த்தார். அவர் கேட்கும் முன்னே கைலாசம் அலுமினியச் சக்கரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“நல்ல வேள எலியேசர். பாருங்க, ரெண்டுலயும் விட்டிருக்கு. நேரத்துல பாத்தேன்.”

எலியேசர் ரிம்மை வாங்கி, காட்டிய இடத்தைப் பெருவிரலால் தடவினார். வெகுநேரம் தடவினார். துண்டுக்கு அடியிலிருந்து வேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா அண்ணாச்சி,” என்றார். “விட்டுத்தான் இருக்கு. நான் கவனிக்கல. எம் மேலதான் தப்பு.”

“உங்க மேல என்ன தப்பு? வெளிய தெரியாதுல்லா.”

“பிள்ள நல்லா ஓட்டியிருக்கா,” என்றார் எலியேசர். சக்கரங்கள் இரண்டையும் தன் வண்டியில் கட்டிக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மார்ச்சில் பரீட்சை. மே மாதத்தில் ரிசல்ட். வேணிக்கு எதிர்பார்த்த மார்க்கு வந்தது, அது போதவில்லை. ஜூலையில் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு கிடைத்தது. கோமு கோயிலில் அர்ச்சனை செய்து பிரசாதம் கொண்டுவந்தாள். பெட்டியின் அடியிலிருந்து ஜாதகத்தை எடுத்து அலமாரியில் கை எட்டும் இடத்தில் வைத்தாள். 

வேணி சைக்கிளை மறுபடி தொடவில்லை. அழவும் இல்லை. “நாம என்ன செய்ய முடியும்? சக்கரம் சரியில்ல. இருந்ததுல முடிஞ்ச மட்டும் ஓட்டினேன்,” என்று தன் தோழியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கைலாசம் ஒரு முறை கேட்டார். அதைக் கேட்டபோது அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. அவரும் தனக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்த வண்டிய எலியேசர் மாமாட்டயே குடுத்துருங்க. வேற யாராவது ஓட்டட்டும்,” என்று அவள் சொன்னதால் ஒரு சனிக்கிழமை கைலாசம் அதை பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனார்.

கடையில் எலியேசர் இல்லை, எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் பிரித்திருந்தது. உள்ளே ஆறு புதிய அலுமினிய ரிம்கள். கம்பி கோக்காதவை, எண்ணெய்ப் பிசுக்குக்கூடத் துடைக்காதவை. வந்திறங்கிய சரக்கைக் கண்டால் கைலாசத்தின் கை சும்மா இருக்காது. முதல் ரிம்மை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். மூக்குத் துளைக்கு நேர் எதிரே கோடு இருந்தது.

‘இதுவும் போச்சு’ என்று நினைத்து இரண்டாவதை எடுத்தார். அதிலும் இருந்தது. ஸ்டோரில் என்றால் அதோடு நிறுத்தியிருப்பார். அன்று ஏனோ மூன்றாவதையும் எடுத்தார். நான்காவதையும். ஆறையும் பார்த்தார். ஆறிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், அளவுகோல் வைத்து இழுத்தாற்போல.

தேநீர் டம்ளரோடு தெருவைக் கடந்து வந்த எலியேசர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

“இது என்ன எலியேசர்?”

எலியேசர் டம்ளரைக் கீழே வைத்தார். “பட்டைய வளைச்சு ரெண்டு முனையும் சேக்க எடம் அண்ணாச்சி. இரும்பு ரிம்முல அத ஒட்டவச்சு, ராவி, முலாம் பூசிருவான். கண்ணுக்குத் தெரியாது. அலுமினியத்துல உள்ள ஆணி வச்சுச் சேத்துருப்பான். கோடு தெரியும். எல்லா ரிம்முலயும் தெரியும்.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

கைலாசம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையிலிருந்த ரிம்மைக் கீழே வைக்கவில்லை.

“அன்னைக்கு விட்டிருக்குன்னு சொன்னேரே.”

“பிள்ள பாத்துட்டு இருந்தா. அந்த நேரத்துல நான் என்னத்தச் சொல்ல? அதுக்கு மேல ஒங்க மொகத்தப் பாத்தேன். வாயில வரல.” எலியேசர் அடுத்திருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். “நான் அன்னைக்கு ஆராதனைக்குப் போயிருக்கக் கூடாது. அஞ்சு மாசமா எனக்கு அதே நெனப்புதான். பாட்டுப் பாடிட்டு இருந்திருக்கேன், பாத்துக்கிடுங்க.”

“அந்தத் திருச்சிப் பிள்ளைக்குச் சீட்டு கெடச்சுதா?”

“கெடச்சுதுன்னு சொன்னாங்க. மெட்ராசுல.”

கடைக்குள் வேறு யாரோ வந்து வால்வு டியூப் கேட்டார். எலியேசர் எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கேப்பியளா? பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம். நீங்களும் நானும் வச்சுக்கிடுவோம்.”

கைலாசம் தலையை ஆட்டினார். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு, சேரன்மகாதேவி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார். சம்மதித்துத்தான் தலையை ஆட்டினார். ஆனால் பத்தமடை தாண்டுவதற்குள்ளேயே அது முடியாத காரியம் என்று தெரிந்துவிட்டது. இருபத்து மூன்று வருட சர்வீஸில் சாமானில் நேர்ந்த தவறை அவர் ஒரு நாளும் மறைத்ததில்லை. தவறு தெரிந்த அன்றே எழுதி மேசையில் வைத்துவிட வேண்டும். மறைத்தால்தான் குற்றம் என்று தன்கீழ் வேலை பார்ப்பவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பஸ் கல்லிடைக்குறிச்சிக்கு வந்தபோது சொல்லவேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் திட்டுவாள், திட்டட்டும். நாலு நாள் பேசாமல் இருப்பாள், இருக்கட்டும். அதற்குப் பிறகு அது முடிந்துபோகும் என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றியிருந்தது. வேணி கூடத்தில் உட்கார்ந்து, கல்லூரி நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கத்தரிக்கோலும் பசையும் இருந்தன.

“குடுத்துட்டியளாப்பா?”

“குடுத்துட்டேன்.”

செருப்பைக் கழற்றாமலே வாசற்படிக்கு உள்ளே நின்று, பஸ்ஸில் அடுக்கிய வரிசையிலேயே சொன்னார். ஆறு ரிம்களைச் சொன்னார். இரும்பில் ஏன் தெரியாது, அலுமினியத்தில் ஏன் தெரியும் என்பதைச் சொன்னார். விரிசல் இல்லை, ஒன்றும் இல்லை, சக்கரம் இரண்டும் முழுசாகத்தான் இருந்தன என்று சொன்னார். எலியேசர் பொய் சொன்னதையும் சொன்னார். பிறகு, “எம் மேலதான் தப்பு,” என்றார்.

வேணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார் கைலாசம். கோபம் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. டிசம்பரில் குறைந்தது ஒரு நிமிடம் சொச்சம். பிப்ரவரியில் தேவைப்பட்டது பத்து வினாடி.

“ரெண்டாவதாவே வந்திருப்பேன்,” என்றாள்.

“வேணி.”

“எனக்கு அவ்வளவுதான் தெம்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். சக்கரம் இருந்திருந்தாலும் ஒடஞ்சிருக்கும், எப்படியும் நமக்கில்லன்னு நெனச்சுட்டு இருந்தேன்.” அவள் குரல் உயரவில்லை. “இத ஏம்ப்பா எங்கிட்ட சொன்னிய?”

கைலாசம் குனிந்து செருப்பைக் கழற்றினார். பின்கட்டில் கோமு யாரோடோ பேசுவது கேட்டது.  வேணி பாதி அட்டை போட்ட நோட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் பகலிலோ இரவிலோ யாரும் உள் அறைக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை.